வாவித் தோணியும் உலகப் படகோட்டமும்

மட்டக்களப்பு நாட்டிலே 'பாதை' என்னும் சொல்லுக்குப் பிறநாட்டுத் தமிழர் அறியாத ஒரு பொருள் உண்டு. குருமண்வெளித் துறையிலே நின்று, "பாதை வந்துவிட்டதா?" என்று ஒருவர் வினவுவாராயின், அவர் வினவுவது வீதியைப் பற்றியன்று. மண்டூர்க் கரைக்கு ஆட்களையும் துவிச்சக்கர வண்டிகளையும் ஏற்றிச் செல்லும் மிதவையைப் பற்றியே அவர் கேட்கின்றார். நிலத்திலே நடப்பதற்குரிய பெயரை நீரிலே மிதப்பதற்கு இட்டு வழங்கிய மக்கள், நீரையே தமது வீதியாகக் கொண்டிருந்தனர் என்பதற்கு இதனைவிட வேறு சான்று வேண்டுவதில்லை.

நமது வாவி கடற்கரைக்குச் சமாந்தரமாக வடக்குத் தெற்காக ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீளத்துக்குக் கிடக்கின்றது. ஞாயிறு எழும் பக்கம் எழுவான்கரை. படும் பக்கம் படுவான்கரை. நெல் விளைவதும் பசுக்கள் மேய்வதும் பெரும்பாலும் படுவான்கரையில். கச்சேரியும், பெரிய பள்ளிக்கூடங்களும், ஆஸ்பத்திரியும், சந்தையும் எழுவான்கரையிலும் புளியந்தீவிலும். கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீச்சரரையும் மண்டூர் முருகனையும் வழிபடச் செல்லும் எழுவான்கரை அடியார் தண்ணீரைக் கடந்தே சென்றனர். நெல்லும் தயிரும், நோயாளியும் மணப்பெண்ணும், தோணியிலே கரை மாறிய காலம் நெடிது. அம்பிளாந்துறை, மண்முனைத்துறை என ஊர்ப்பெயர்களிலே 'துறை' ஒட்டிக்கொண்டிருப்பதும் அதனாலேயாம்.

இத்தகைய நாட்டிற் பிறந்த ஒருவர்க்கு, ஒலிம்பிக் விழாவிலும் ஆசிய விளையாட்டு விழாவிலும் கனூ, கயாக் என்னும் சிறு வள்ளங்களைத் துடுப்பினால் வலித்துப் பொற்பதக்கம் பெறுகின்றனர் என்ற செய்தி முதலிற் சிறிது வேடிக்கையாகவே தோன்றும். தோணி வலிப்பதற்கும் பதக்கமா என்பார் நம் பாட்டனார். ஆயினும் அவ்விளையாட்டின் வரலாற்றைச் சற்று ஆராய்வோமாயின் வேடிக்கை மறைந்து வேறொரு வினா எழுகின்றது. தோணியைப் படைத்தவனும் அதனால் உயிர் வாழ்ந்தவனும் அவ்விளையாட்டிலே எங்கே நின்றான் என்பதே அவ்வினா. இக்கட்டுரை அதனைப் பற்றியதாகும்.

மரத்தைக் குடைந்து வள்ளமாக்கும் கலை மனிதன் பயின்ற மிகப் பழைய கலைகளுள் ஒன்று. 1955ஆம் ஆண்டு நெதர்லாந்து நாட்டிலே பெருந்தெரு ஒன்று அமைக்கும்போது மண்ணுக்குள்ளிருந்து பைன் மரத் தோணி ஒன்று வெளிப்பட்டது. பெஸ்ஸே தோணி என அதற்குப் பெயர். ஏறத்தாழ 10,000 ஆண்டுப் பழைமையுடைய அதன் நீளம் 3 மீற்றருக்குச் சற்றுக் குறைவு. அதனைப் படத்திலே காணும் நம்மூர் மீனவர் எவரும் அஃது என்னவென்று கேட்கமாட்டார்.

சொற்களிலும் இவ்வரலாறு பதிந்து கிடக்கின்றது. 'கனூ' என்பது மேற்கிந்தியத் தீவுகளின் பழங்குடிகள் தம் குடைமரத்துக்கு இட்ட பெயர். கொலம்பசின் காலத்திலே ஸ்பானியர் வாய்வழி ஐரோப்பாவுக்குச் சென்றது. 'கயாக்' என்பது வடதுருவத்தை அடுத்து வாழும் இனுவிற் மக்களின் சொல். மரம் முளையாத அந்நாட்டிலே, கடல் அடித்துவந்த கட்டைகளாற் சட்டம் அமைத்து, கடல்நாய்த் தோலை மேலே தைத்து, வேட்டைக்காரனின் உடலளவுக்கே அதனைச் செய்வர். இந்தப் பட்டியலிலே தமிழுக்கும் இடமுண்டு. நமது 'கட்டுமரம்' ஆங்கிலத்திலே 'கற்றமறான்' ஆகி, இன்று உல்லாசப் பாய்க்கப்பல்களுக்கும் பெயராகிவிட்டது. இரண்டு வள்ளங்களைப் பிணைத்து மேலே பலகை பரப்பிய ஓடத்துக்குச் 'சங்கடம்' என்று ஒரு பழம் பெயர் உண்டு. அது போர்த்துக்கேயர் நாவிலே ஏறி, பிறேசில் நாட்டு மீனவர் மிதவைக்கு 'ஜங்காடா' என்று பெயராயிற்று. நம்மைச் சங்கடப்படுத்தும் சங்கடம் வேறு என்க.

இனி, விளையாட்டு பிறந்த கதைக்கு வருவோம். ஸ்கொத்லாந்து வழிவந்த யோன் மக்கிரெகர் என்னும் வழக்கறிஞர் 1865ஆம் ஆண்டு இலண்டனிலே ஒரு சிறு படகைக் கட்டுவித்தார். வட அமெரிக்காவிலே பழங்குடி மக்களின் வள்ளங்களைப் பார்த்து வந்தவர் அவர். ஏறத்தாழ 15 அடி நீளமும், மேலே மூடிய தட்டும், இருபுறமும் அலகுள்ள துடுப்பும் உடைய அப்படகுக்கு 'றொப் றோய்' என்று பெயரிட்டு, ஐரோப்பாவின் ஆறுகளிலும் ஏரிகளிலும் தனியே சுற்றி வந்து, 1866இல் தமது பயணத்தை நூலாக வெளியிட்டார். நூல் பரபரப்பாக விற்றது. அவ்வாண்டே அவரும் நண்பர்களும் இலண்டனிலே ஒரு கனூக் கழகம் கண்டனர். வேல்ஸ் இளவரசர் அதன் தலைவரானார். 1873இல் அது அரச கனூக் கழகம் ஆயிற்று. மிஷன் பள்ளிக்கூடத்திலே படித்த என்போன்றோர்க்கு இம்மக்கிரெகர் அறிமுகமான மனிதர் போலவே தோன்றுவார். ஏனெனில் அவர் சென்ற இடமெல்லாம் வேதாகமத் துண்டுப்பிரசுரங்களை விநியோகித்துக்கொண்டே சென்றார். பின்னர் யோர்தான் நதியிலும் தம் படகைச் செலுத்தினார். நல்ல மனிதர் என்பதில் ஐயமில்லை. ஏழைச் சிறுவர் பள்ளிகளுக்காக உழைத்தவர். ஆயினும் அவரும் அவர் தோழரும் செய்தது என்ன? வேட்டைக்காரனின் கருவியை வாங்கி, கனவானின் பொழுதுபோக்காக மாற்றினர்.

அக்காலத்து ஆங்கிலக் கனவான்கள் நீர்விளையாட்டிலே இட்ட வேலி எத்தகையது என்பதை அறிதற்கு, கனூவின் உறவுமுறை விளையாட்டாகிய துடுப்புப் படகோட்டத்தைப் பார்த்தல் வேண்டும். இரண்டுக்கும் வேறுபாடு எளிது. துடுப்புப் படகிலே செல்லும் திசைக்கு முதுகைக் காட்டி அமர்ந்து, படகிலே பொருத்திய தண்டுகளை வலிப்பர். கனூவிலும் கயாக்கிலும் முன்னோக்கி இருந்து, எதிலும் பொருத்தாத துடுப்பைக் கையிற் பிடித்து வலிப்பர். தேம்ஸ் நதிக்கரையிலே ஹென்லி என்னும் ஊரில் ஆண்டுதோறும் நடைபெறும் துடுப்புப் படகுப் போட்டி உலகப் புகழ் வாய்ந்தது. 1879இல் அதன் நிருவாகிகள் ஒரு விதி செய்தனர். கூலிக்காகக் கைத்தொழில் செய்பவரும், உடலுழைப்பாளரும், படகுகளிலே ஊதியம் பெற்று வேலை செய்தவரும் 'அமெச்சூர்' ஆகார் என்பது அவ்விதி. அமெச்சூர் அல்லாதார் போட்டியிடலாகாது. அஃதாவது, படகை நன்கு அறிந்தவன் எவனோ அவனே படகுப் போட்டிக்குத் தகுதியற்றவன்! இவ்விதி ஏறத்தாழ அறுபது ஆண்டு நிலைத்தது. 1936இல் அவுஸ்திரேலியாவிலிருந்து வந்த எண்மர் அணியினர் பொலிஸ்காரர் என்ற காரணத்தால் ஹென்லியில் மறுக்கப்பட்டனர். அதே அணி அவ்வாண்டு பேர்லின் ஒலிம்பிக்கிலே தடையின்றிப் பங்குபற்றியது. வெட்கம் உறைத்தது போலும், மறு ஆண்டு விதி மாறியது.

ஈண்டு குகனை நினையாதிருக்க இயலவில்லை. கங்கைக் கரையிலே ஆயிரம் ஓடங்களுக்குத் தலைவனாகிய அவ்வேடனை, தேனும் மீனும் கையுறையாகக் கொண்டு வந்து நின்றவனை, இராமபிரான் தம்பியரோடு ஒரு தம்பியாக ஏற்றான் என்று கம்பர் பாடுகின்றார். நால்வராயிருந்தோர் அவனோடு ஐவராயினர். நமது நாட்டிலே முக்குவர் குலத்தோர் தம்மைக் குகன் வழியினர் என்று கொள்ளும் மரபும் உண்டு. ஓடக்காரனை அரசகுமாரன் உடன்பிறப்பாக்கிய கதையைத் தாலாட்டிலிருந்தே கேட்டு வளர்ந்தோர்க்கு, ஹென்லி விதி விளங்காத விதியாகவே இருக்கும். ஆனால் நாமும் பெருமை பேசிவிட்டு ஓடிவிடலாகாது. குகனைப் பாட்டிலே தம்பியாக்கிய சமூகம் வீட்டுப் பந்தியிலே அவனுக்கு எங்கே இலை போட்டது என்பதை நம் ஊர்களின் பழைய வழக்கங்களே சொல்லும்.

வெள்ளையர் ஆண்ட நாடுகளுக்கும் அவர்களுடைய கழகங்கள் வந்து சேர்ந்தன. கொழும்பிலே பேரை வாவிக் கரையில் 1864ஆம் ஆண்டு கொழும்புத் துடுப்புப் படகுக் கழகம் எழுந்தது. சென்னையிலே 1867இல் படகுக் கழகம் தோன்றி அடையாற்றங்கரையில் நிலைபெற்றது. 1898 முதல் இவ்விரு கழகங்களுக்கும் இடையே போட்டி நடைபெறுகின்றது. இங்கெல்லாம் முதலில் அமர்ந்தோர் ஐரோப்பிய வணிகரும் உத்தியோகத்தரும் ஆவர். படகைத் தூக்கிக் கரை சேர்த்தோர் வேறு ஆட்கள்.

கனூவின் வரலாற்றிலே 1924ஆம் ஆண்டு ஒரு திருப்பம். அவ்வாண்டு தை மாதம் ஒஸ்திரியா, ஜேர்மனி, டென்மார்க், சுவீடன் ஆகிய நான்கு நாட்டினர் கொப்பன்ஹேகன் நகரிற் கூடிச் சர்வதேசச் சங்கம் ஒன்றை நிறுவினர். அவ்வாண்டே பாரிஸ் ஒலிம்பிக்கிலே, பதக்கம் எதுவுமின்றி, செய்துகாட்டும் விளையாட்டாகக் கனூ ஓட்டம் இடம்பெற்றது. கனடாவினரும் ஐக்கிய அமெரிக்காவினரும் பங்குபற்றினர். இதே 1924இலேதான் நமது கல்லடியிலே தேசாதிபதி மனிங்கின் துணைவியார் பெயரால் இரும்புப் பாலம் திறக்கப்பட்டது. அங்கே தோணிக்கு ஒரு புதிய வாழ்வு தொடங்க, இங்கே தோணியின் பழைய வேலை ஒவ்வொன்றாகக் குறையத் தொடங்கியது. காலம் இப்படிச் சில வேளை இரு கணக்குகளை ஒரே ஏட்டில் எழுதிவிடுகின்றது.

பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து 1936இல் பேர்லின் ஒலிம்பிக்கிலே பதக்கத்துக்குரிய விளையாட்டாயிற்று. கிறூனாவ் என்னும் இடத்து நீர்ப்பரப்பிலே ஒன்பது போட்டிகள், யாவும் ஆண்களுக்கே. அவற்றுள் ஐந்து 10,000 மீற்றர் தூரத்தவை. மடித்துப் பையிலே இட்டுப் புகைவண்டியிற் கொண்டுசெல்லத்தக்க துணிக் கயாக்குகளுக்கும் அங்கே தனிப்போட்டி இருந்தது. ஜேர்மனியிலே கிளெப்பர் என்பவர் 1907இல் உரிமை வாங்கி விற்பனைக்கு விட்ட அம்மடிபடகுகள் அந்நாட்டு இளைஞர்களை ஆறுகளுக்கு இழுத்துச் சென்றவை. ஒலிம்பிக்கிலே அப்போட்டி அவ்வொரு முறையோடு மறைந்தது.

போருக்குப் பின் வந்த 1948ஆம் ஆண்டு இலண்டன் ஒலிம்பிக்கை நமது நாட்டினர் டங்கன் வைற் தடையோட்டத்திலே வெள்ளிப் பதக்கம் வென்ற விழாவாக நினைவில் வைத்துள்ளோம். அவ்விழாவிலே கனூப் போட்டிகள் நடைபெற்ற இடம் எது? ஹென்லி! உழைப்பாளியைப் படகில் ஏற்றமாட்டோம் என்று எழுதி வைத்த அதே நீர்ப்பரப்பிலே, இனுவிற் வேட்டைக்காரனின் கயாக்கும் பழங்குடியினரின் கனூவும் பதக்கத்துக்காக ஓடின. சுவீடன் நாட்டு கேர்ட் பிரெட்றிக்சன் அங்கே இரண்டு பொன் பெற்றார். 1960 வரை மொத்தம் ஆறு பொன். பெண்கள் முதன்முதலாகக் கயாக்கிலே இடம்பெற்றதும் அவ்விழாவிலேதான். டென்மார்க்கின் கறென் ஹொவ் வென்றார். பின்னாளில் ஜேர்மனியின் பிர்கிற் பிஷர் 1980 தொடக்கம் 2004 வரை எட்டுப் பொன் வென்று ஆண்களையும் விஞ்சினார். ஆயினும் கனூவிலே பெண்களுக்கு இடமில்லை. ஒரு பக்கமாக முழந்தாளிட்டு வலித்தல் பெண்ணுடலுக்கு ஒவ்வாது என்று காரணம் காட்டிக்கொண்டிருந்தனர். 2021இல் நடைபெற்ற தோக்கியோ விழாவிலேதான் அக்கதவு திறந்தது. கயாக்குக்கும் கனூவுக்கும் இடையே பெண்கள் 73 ஆண்டுகள் காத்திருந்தனர்.

இவ்விரண்டின் முறையையும் சற்று விளக்குதல் நன்று. போட்டிப் பெயர்களிலே 'கே' என்னும் ஆங்கில எழுத்து வந்தால் கயாக். 'சி' வந்தால் கனூ. பின்னே நிற்கும் எண் வலிப்போர் தொகை. கயாக்கில் அமர்ந்து, இரு முனையும் அலகுடைய துடுப்பால் இடமும் வலமும் மாறி மாறி வலிப்பர். காலால் இயக்கும் சுக்கான் உண்டு. கனூவிலே ஒரு முழந்தாளை ஊன்றி, ஒற்றை அலகுத் துடுப்பால் ஒரே பக்கத்தில் வலிப்பர்; சுக்கான் இல்லை. ஒரே பக்கம் வலித்தால் வள்ளம் மறுபக்கம் திரும்பும் அன்றோ? ஒவ்வொரு வலிப்பின் முடிவிலும் மணிக்கட்டை முறுக்கித் துடுப்பை வெளியே தள்ளி நேர்படுத்துவர். அவ்வித்தை கைவருவதற்கு ஆண்டுகள் செல்லும். ஒருவர் கயாக்கின் நீளம் 520 சதமமீற்றருக்கு மேற்படலாகாது. எடை 12 கிலோகிராமுக்குக் குறையலாகாது. அஃதாவது, நம் வீட்டுக் கைக்குழந்தையை ஏந்துவது போல அதனை ஒருவர் கையிலே ஏந்திச் செல்லலாம். கண்ணாடியிழையும் கரியிழையும் கொண்டு செய்த அவை ஊசி போல ஒடுங்கியவை. பழகாதவர் ஏறிய மாத்திரத்தே கவிழ்வர். 200, 500, 1,000 மீற்றர் என்பன தூரங்கள். ஒவ்வொருவரும் தத்தம் ஒழுங்கையிலே நேரே ஓடுதல் வேண்டும்.

இதனை வாசிக்கும்போது வாவியில் மீன்பிடிக்கச் செல்வோர் ஒருவரை மனக்கண்முன் கொண்டு வருக. தோணியின் பின்னணியத்திலே குந்தியிருக்கின்றார். கையிலே ஒற்றைச் சவள். ஒரே பக்கம் வலிக்கின்றார். தோணியோ நேரே செல்கின்றது. மணிக்கட்டின் அச்சிறு முறுக்கு அவர்க்கு யாரும் வகுப்பெடுத்துக் கற்பித்ததன்று. பத்து வயதிலே தகப்பனார் முன்னே வலையை விட, பின்னே இருந்து தோணியை அசையாமற் பிடித்தபோது வந்தது. நீர் குறைந்த இடத்திலே சவளை வைத்துவிட்டுக் கம்பை ஊன்றி எழுந்து நின்று தள்ளுவார்; அந்நிலையிலும் தோணி ஆடாது. ஒலிம்பிக் கனூவீரன் முழந்தாளிட்டு ஆண்டுக்கணக்கிற் பயிலும் சமநிலை அதுவே.

பழங்குடியினரின் கதைக்குத் திரும்புவோம். 'சி' என்ற எழுத்து முதலில் 'கனேடியன்' என்பதைக் குறித்தது. அவ்வள்ளத்தைப் படைத்தோர் கனடா என்னும் அரசு தோன்றுமுன்னரே அங்கு வாழ்ந்த மக்கள். பெயரோ அவர்கள் நிலத்தைக் கொண்ட நாட்டின் பெயர். 1984ஆம் ஆண்டு லொஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கிலே இருவர் கயாக் 1,000 மீற்றர் ஓட்டத்திற் கனடாவுக்காகப் பொன் வென்ற இருவருள் ஒருவர் அல்வின் மொறிஸ். ககனவாகே என்னும் ஊரைச் சேர்ந்த மோஹோக் குலத்தவர். மற்றவர் ஹியூ பிஷர். பதக்க மேடையிலே ஏறியபோது மொறிஸ் ஒரு கழுகின் இறகை உயர்த்திப் பிடித்தார். தம் பாட்டனாரின் நினைவாகவும் தம் மக்களின் அடையாளமாகவும் அவர் செய்தது அது. 1924இலே பாரிசில் கனூவைச் செய்துகாட்டி 60 ஆண்டுகள் சென்ற பின்பே, அதனை உலகுக்கு அளித்த மக்களுள் ஒருவர் அம்மேடையில் நின்று தம்மை இன்னாரென்று காட்டினார். ஒலிம்பிக் வரலாற்றிலே எத்தனையோ கொடிகள் ஏறியிருக்கின்றன. அவ்வொற்றை இறகுக்கு ஈடாக ஒன்றைச் சொல்ல என் அறிவுக்கு எட்டவில்லை.

ஆசியாவுக்கு இவ்விளையாட்டு பிந்தியே வந்தது. 1951இலே புதுடில்லியில் தொடங்கிய ஆசிய விளையாட்டு விழாவிலே கனூ இடம்பெற்றது 1990ஆம் ஆண்டு பெய்ஜிங் விழாவில்தான். 1994இல் ஹிரோஷிமாவிலே இருவர் கனூ 1,000 மீற்றர் ஓட்டத்தில் இந்தியா வெண்கலம் பெற்றது. கேரளத்திலே சுண்டன் வள்ளங்கள் நூறு பேரோடு பறக்கும் நாடல்லவா, இனி இந்தியாவை யார் பிடிப்பர் என்று எண்ணத் தோன்றும். 1952இல் நேரு அவ்வள்ளமொன்றில் ஏறி மகிழ்ந்து வெள்ளிக் கிண்ணம் வழங்கிய கதையையும் யாவரும் அறிவர். ஆனால் அடுத்த பதக்கம் வருவதற்கு 29 ஆண்டுகள் சென்றன. இடையிலே 2018இல் இந்தோனேசியாவின் பலெம்பாங் நகரிலே ஓர் அற்புதம் நிகழ்ந்தது; வட கொரியரும் தென் கொரியரும் ஒரே வள்ளத்தில் அமர்ந்து, பெண்களுக்கான 500 மீற்றர் கடல்நாகப் படகு ஓட்டத்திற் பொன் வென்றனர். ஒன்றிணைந்த கொரியா என்ற பெயரால் இத்தகைய பல்விளையாட்டு விழாவொன்றிலே கிடைத்த முதற் பொன் அதுவே. போர் பிரித்த இரு கரையினரை ஒரே தாளத்திலே வலிக்கவைக்கப் படகுக்கு இயலும் என்பதை மட்டக்களப்பான் ஒருவன் எளிதிற் கடந்து போக முடியாது.

2022க்குரிய ஆசிய விழா கொள்ளைநோய் காரணமாக 2023இலே சீனாவின் ஹாங்சோ நகரில் நடைபெற்றது. ஒக்டோபர் 3ஆம் நாள் இருவர் கனூ 1,000 மீற்றர் ஓட்டத்தில் அர்ஜுன் சிங், சுனில் சிங் சலாம் என்னும் இந்தியர் இருவர் 3 நிமிடம் 53 விநாடியிலே மூன்றாவதாக வந்தனர். சுனில் சிங் மணிப்பூரின் மொய்ராங் ஊரினர், லோக்தாக் ஏரிக்கரை. மிதக்கும் புற்றீவுகளால் நிறைந்த அவ்வேரியிலே விடியற்காலம் தோணியிற் சென்று மீன்பிடித்து விற்பதே தம் பெற்றோரின் சீவனம் என்று அவரே பத்திரிகையாளர்க்குக் கூறினார். ஒரு போட்டிப் படகு நான்கைந்து இலட்சம் இந்திய ரூபா. துடுப்பு ஒன்றே 40,000 ரூபா. உறவினர் உதவினர், 2017இல் இராணுவத்திற் சேர்ந்த பின்பே மூச்சுவிட முடிந்தது. ஹென்லியார் 1879இலே எழுதிய விதி கிழிந்துபோயிற்று. ஆயினும் அவ்விதியின் வேலையை இப்போது படகின் விலை செய்துகொண்டிருக்கின்றது. மீனவர் மகன் அதனையும் தாண்டி வந்தான் என்பதனாலேயே அந்த வெண்கலம் எனக்குப் பொன்னாகத் தோன்றுகின்றது.

இனி நம் வாவி. வாவி என்றதும் பாடும் மீனைப் பற்றி எழுதுவதே நம்மவர் வழக்கம். 1848இல் எமேர்சன் ரெனன்ற் நிலவு எழுந்த பின் மீனவரோடு படகிற் சென்று அவ்வொலியைக் கேட்டார். விபுலாநந்த அடிகள் யாழ்நூலிலே அதனை நீரரமகளிர் இசையாகக் கண்டார். பாட்டைக் கேட்டவர்களைப் போற்றுகின்றோம். அவர்களை நடுவாவிக்குக் கொண்டு சென்ற கைகளைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

போர்க்காலத்திலே இரு கரைகளும் இரு வேறு ஆட்சிகளின்கீழ் இருந்தன. 2007 வரை அந்நிலை நீடித்தது. அக்காலத்திலே தோணி ஏறுவது வெறும் பயணமாக இருக்கவில்லை. அதனைக் கடந்து வந்தவர்கள் இன்னும் நம் வீடுகளில் இருக்கின்றார்கள். கேட்டாற் சொல்வார்கள், கேளாமற் சொல்லமாட்டார்கள். பின்னர் 2013இல் கல்லடியிலே புதிய பாலமும், 2014 சித்திரையிலே யப்பானிய உதவியுடன் மண்முனைப் பாலமும் திறக்கப்பட்டன. நோயாளி ஒருவர் நள்ளிரவிலே பாதை வரும்வரை துறையிற் காத்திருந்த காலம் மண்முனையில் முடிந்தது. பாலம் வந்ததற்கு வருந்துவோர் பைத்தியக்காரர். ஆயினும் கடத்தல் தொழில் போனபின் தோணி மீன்பிடியை மட்டுமே நம்பி நிற்கின்றது; மீனவர் பிள்ளைகளும் தொழிலை விட்டு மத்திய கிழக்குக்குச் செல்கின்றனர். மணிக்கட்டின் அம்முறுக்கு அடுத்த தலைமுறைக்குச் செல்லும் வழி இவ்வாறு ஒடுங்கிக்கொண்டே வருகின்றது.

நமது பள்ளிகள் விளையாட்டை அறியாதவை அல்ல. யாழ்ப்பாணம் மத்திய கல்லூரி மாணவராயிருந்த எதிர்வீரசிங்கம் 1958இல் தோக்கியோ ஆசிய விழாவிலே உயரம் பாய்ந்து இலங்கைக்கு முதற் பொன் தந்தார். நம்மூரிலே அமெரிக்காவிலிருந்து வந்த வெபர் அடிகளார் புனித மிக்கேல் கல்லூரிப் பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து கற்பித்து அவர்களை நாடறியச் செய்தார். மைதானத்துக்கே அவர் பெயர் வழங்குகின்றது. கூடைப்பந்தோ கடல் கடந்து வந்த விளையாட்டு. அதற்குச் சீமெந்துத் தரை வேண்டும், வளையம் வேண்டும், பந்து வேண்டும். பள்ளிச் சுவருக்கு அப்பால் வாவி கிடந்தது. அதனிலே ஒரு விளையாட்டு உண்டு என்று அக்காலத்துப் பெரியோர்க்குத் தோன்றாமற் போனதற்கு அவர்களைக் குறை கூறுவதற்கில்லை. தோணி என்றால் மீன்வாடை; கல்வி என்றால் அவ்வாடையிலிருந்து தப்பிச் செல்லும் வழி என்று பெற்றோர் எண்ணிய காலம் அது.

சித்திரைப் புத்தாண்டு விழாக்களிலே தோணி ஓட்டம் வைக்கும் வழக்கம் கரையோர ஊர்களில் உண்டு. கரை முழுவதும் சனம். ஒலிபெருக்கியிலே வென்றவர் பெயர். பரிசாக ஒரு வெண்கலப் பானை அல்லது சிறு தொகைப் பணம். ஆனால் தூரம் அளந்திருப்பதில்லை; ஒழுங்கை இல்லை; தோணிகள் ஒத்த அளவினவல்ல; நேரத்தை எவரும் குறிப்பதில்லை. ஆகவே சென்ற ஆண்டு வென்றவர் இவ்வாண்டு வென்றவரினும் விரைந்தவரா என்பதைச் சொல்ல வழியில்லை. இதற்கு நான்கைந்து இலட்ச ரூபாப் படகு தேவையில்லை. ஒரே அச்சில் வார்த்த கண்ணாடியிழைத் தோணி ஆறு, அளந்து நட்ட மூங்கிற் கம்பங்கள், மிதவைக்கு வெற்றுப் போத்தல்கள், உயிர்காப்பு அங்கிகள் ஆகியன போதும். மாரி வெள்ளம் வடிந்து, கச்சான் காற்று மூளுமுன், மாசி முதற் சித்திரை வரை விடியற்காலத்து வாவி கண்ணாடி போலக் கிடக்கும். 1,000 மீற்றர் நேர்நீர் தேடி அலையவேண்டியதில்லை. கட்டுவலைக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுதல் வேண்டும். முதலை உள்ள இடங்களையும் அவர்களையே கேட்டு விலக்குதல் நன்று. முதலைக்கு ஒழுங்கை விதி தெரியாது.

நடுவராக இருத்தற்கு வாத்திமார் போதாது. வாவியிலே நாற்பது ஆண்டு வலித்த முதியவர் ஒருவரைத் தொடக்கக் கோட்டிலே நிறுத்துதல் வேண்டும். நமது சங்கத்தின் விளையாட்டுக் குழு இவ்வாண்டுப் போட்டி நிரலை இன்னும் அச்சுக்குக் கொடுக்கவில்லை என அறிகின்றேன். கயிறிழுத்தலுக்கும் கிளித்தட்டுக்கும் கீழே ஒரு வரி சேர்க்க இடமுண்டு: ஒருவர் தோணி, 1,000 மீற்றர், நேரம் குறிக்கப்படும்.